காத்திருப்போர் அறையில் ஒரு குடித்தனம்

பெரிய ஜங்ஷன் ஒவ்வொன்றிலும் காத்திருப்போர் அறை உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவர்களை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பெட்டியைத் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் “எந்த வண்டி?” என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். மின்விசிறி ஓடாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், எழுந்துபோய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்பவர் ஒருவரோ இருவரோதான். ‘இன்னும் ஒரு மணி நேரம், நமக்கென்ன?’ என்று மற்றவர்கள் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த அறை அதற்காகத்தான் கட்டப்பட்டது.

ஆனால் ஊரை விட்டு வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் பல, இதே மனநிலையில் 25 வருஷம், 30 வருஷம் குடித்தனமே நடத்திவிடுகின்றன. ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பெரும்பகுதி நாக்பூர் கோட்டத்தில். இடார்சி, ஆம்லா, அஜ்னி என்று பல ரயில்வே காலனிகளில் நம்மவர் வீடுகளில் காபி குடித்திருக்கிறேன். டெலிவிஷன் வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் பத்திரமாக இருக்கும். மாற்றல் வந்தால் மூட்டை கட்ட வேண்டுமே! சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். “வாசலில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு வையுங்களேன்” என்றால், “நாம காய் பறிக்கிறதுக்குள்ள டிரான்ஸ்பர் வந்துடும் சார்” என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் அதே குவார்ட்டர்ஸில் 14 வருஷம் இருந்தார். 14 வருஷமும் முருங்கைக்காயைக் கடையில்தான் வாங்கினார்.

முருங்கைக்காய் போனால் போகட்டும். ‘ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஒரே வாக்கியத்தின் கீழ் வேறு என்னென்ன ஒதுக்கி வைக்கப்படுகின்றன என்று பாருங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருவது. வீட்டுக்காரியின் முழங்கால் வலிக்கு வைத்தியம். சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. உயில். இந்த ஊர்ப் பாஷை. அக்கம்பக்கத்தில் ஒரு நல்ல சிநேகம். இத்தனையும் பரண்மேல் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

இப்போது ‘மைண்ட்செட்’ என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. மனப்பாங்கை மாற்று, வாழ்க்கை உன் கையில் என்று மேடைபோட்டுப் பேசுகிறார்கள். பணம் கட்டிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கைதட்டிவிட்டு வெளியே வந்தால், மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த வகைப் பேச்சில் நம்பிக்கை குறைவு. ஆனால் அதன் அடியில் இருக்கும் விஷயம் பொய்யல்ல. ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றைக்கும் பேசப்படுகிறது. தனக்கு நடப்பது பெரும்பாலும் தன் செயலின் விளைவு என்று நினைப்பவர் ஒரு ரகம்; அதிர்ஷ்டமோ, மேலதிகாரியோ, விதியோ நடத்துகிறது என்று நினைப்பவர் இன்னொரு ரகம். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம். நமக்கு இது புதிய செய்தியல்ல. வள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமை என்று இன்னொன்றும் வைத்தார். நாம் முதலாவதை மட்டும் ‘தலையெழுத்து’ என்று சுருக்கி எடுத்துக்கொண்டோம்.

மாற்றல் உத்தரவு நம் கையில் இல்லை என்பது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். வெயிலும் நம் கையில் இல்லை. எங்கள் துறை வெயிலை எப்படிச் சமாளிக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், ரயில்வேக்காரனிடம் கட்டுரை கேட்டால் தண்டவாளம் வராமல் இருக்காது.

நாக்பூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் காற்றே 45 டிகிரியைத் தொடும். தண்டவாளம் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். எஃகு சூட்டில் நீளும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம், எதுவும் பிடிக்காமல் விட்டால், 40 டிகிரி சூடு ஏறும்போது ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் நீள வேண்டும். அந்தக் காலத்தில் 13 மீட்டர்த் துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி விட்டார்கள். வண்டியில் போகும்போது கேட்ட ‘தடக் தடக்’ அதுதான். இப்போது கிலோமீட்டர்க் கணக்கில் ஒரே தண்டவாளமாகப் பற்றவைத்து விடுகிறோம். அப்படியானால் அந்த 46 சென்டிமீட்டர் எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை. இரண்டு கோடிகளில் மட்டும் கொஞ்சம் நகரும். நடுப்பகுதி அசையாமல் நிற்கும். நீள முடியாத தண்டவாளம் உள்ளுக்குள்ளே அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பகுதிக்கு ஏற்ற வெப்பநிலை இன்னது என்று கணக்குப் போட்டு, அந்த வெப்பநிலையை ஒட்டித் தண்டவாளத்தைப் பூட்ட வேண்டும். ஸ்லீப்பரின் ஓரத்தில் ஜல்லி குறையாமல் குவிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஒரு மத்தியான நேரத்தில் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். நெளிந்த பாதையைப் பார்த்துவிட்டு ‘இந்த வருஷம் வெயில் அதிகம்’ என்று எந்த இன்ஸ்பெக்டரும் அறிக்கை எழுத முடியாது. எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எந்த வெப்பநிலையில் பூட்டினாய், ஜல்லி எவ்வளவு இருந்தது, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்பவைதான் கேள்விகள்.

இந்த ‘யார் எப்போது பார்த்தார்கள்’ என்பதில்தான் கீமேன் வருகிறார். இந்திக்காரர்கள் சாபிதார் என்பார்கள். முன்பு தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்க ‘கீ’ என்ற ஆப்பு இருந்தது. அதை அடித்து இறுக்குபவர் என்பதால் அந்தப் பெயர். இன்று ஆப்புக்குப் பதில் பாண்ட்ரால் கிளிப் வந்துவிட்டது; பெயர் மட்டும் நிற்கிறது. அவருக்கென்று ஒரு ‘பீட்’, அதாவது அவர் நடக்க வேண்டிய பாதை. 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, அபாயத்துக்கு வெடிக்க டெட்டனேட்டர் எல்லாவற்றையும் சுமந்து, தினமும் காலையில் ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், அடுத்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர், ஸ்லீப்பருக்கு 4 கிளிப் என்றால், ஒரு லைனில் மட்டும் அவர் கண் ஓடவேண்டிய கிளிப்கள் 39,840. கழன்றதை அடித்து மாட்டுவார். தன்னால் முடியாததைக் குறித்துக்கொண்டு வந்து மேஸ்திரியிடம் சொல்வார். இப்போது கையில் ஜி.பி.எஸ். கருவியும் கொடுத்து, நடந்தாரா இல்லையா என்று ஆபீஸிலிருந்தே பார்க்கிறார்கள்.

ஆம்லா பக்கம் என்னிடம் வேலை பார்த்த கீமேன் ஒருவர், பள்ளிக்கூடமே போகாதவர். தாராகோ, மராம்ஜிரி மலைப் பாதையில் அவருடைய பீட். ரயில்வே இருக்கிறது, அமைச்சர் இருக்கிறார், போர்டு இருக்கிறது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதை இருக்கிறது. எதுவும் அவருக்குச் சொந்தமல்ல. அடுத்த உத்தரவு வந்தால் அந்த பீட்டும் வேறொருவருக்குப் போய்விடும். ஆனாலும் பேசும்போது “மேரா கிலோமீட்டர்” என்றுதான் சொல்வார். மழைக்காலத்தில் எந்த வெட்டில் கல் உருளும், எந்தப் பாலத்துக்கடியில் தண்ணீர் சுழிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஒருமுறை சிபாரிசின் பேரில் வேறு இடம் கிடைக்க இருந்தபோதும், அன்று காலையில் வழக்கம்போல் நடந்துவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தார்.

வாழ்க்கையைத் தன்னுடையதாக்கிக்கொள்வது என்றால் எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பட்டா யார் பேரில், எத்தனை வருஷம் இருப்போம் என்பதெல்லாம் அடுத்த விஷயம். இன்றைக்கு என் பீட்டில் நடந்தேனா?

எங்கள் காலனியில் ஒரு பெண்மணி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். கணவர் எஞ்சின் டிரைவர். வண்டியோடு போனால் திரும்ப இரண்டு நாளும் ஆகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடை கண்ணிக்கு அவர்தான் போக வேண்டும். அவர் இல்லாத நாளில் வீட்டில் காய் இருந்தால் குழம்பு, இல்லாவிட்டால் வற்றல். ஒரு மழை இரவில் குழந்தைக்குக் கடுமையான ஜுரம். ஆஸ்பத்திரி அரை மைல்தான். ஆனால் ரிக்‌ஷாக்காரரிடம் என்ன சொல்வது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பக்கத்து வீட்டுத் தமிழர் டியூட்டி முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த வாரத்திலிருந்து அந்தம்மாள் ஒரே ஒரு தீர்மானம் செய்தார். தினமும் ஏதாவது ஒரு சாமானைத் தானே போய்ப் பேசி வாங்குவது.

முதல் நாளே வேடிக்கை. கொத்தமல்லியைக் காட்டி விலை கேட்டால் காய்கறிக்காரர் “சாம்பார்” என்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மைத் தமிழச்சி என்று கேலி செய்கிறானோ என்று கோபம்கூட வந்ததாம். விதர்ப்பா பக்கத்தில் கொத்தமல்லித் தழைக்குப் பெயரே சாம்பார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாம்பார்வடி என்று நாக்பூரில் விற்கிறார்களே, அது கொத்தமல்லி வைத்துச் செய்வது. மறுநாள் அவரும் ‘சாம்பார்’ என்று கேட்டு வாங்கினார். மராத்தியில் நம் ‘ள’ உச்சரிப்பு அப்படியே இருப்பது அவருக்குப் பெரிய சந்தோஷம்; நாக்கு சுலபமாகப் பழகியது. ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் தானே போய் வர ஆரம்பித்தார். கணவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், ‘எனக்கு வேலையே இல்லாமல் பண்ணிவிட்டாள்’ என்று. சில ஆண்டுகள் கழித்து அந்த மனிதர் சர்வீஸில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் வேலைக்கு மனு, பணப்பட்டுவாடாப் பத்திரங்கள், பிள்ளையின் காலேஜ் அட்மிஷன் எல்லாவற்றுக்கும் அந்தம்மாளே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். துக்கம் விசாரிக்கப் போன எங்களிடம் எந்த பாரத்தில் யார் கையெழுத்து பாக்கி என்பதைத் தெளிவாகச் சொன்னார். நாங்கள் செய்ய வேண்டியிருந்தது அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவது மட்டும்.

பிள்ளைகளின் தமிழும் இப்படித்தான். ‘லீவுக்கு ஊருக்குப் போனால் தானாக வரும்’ என்று விடுபவர்கள் அதிகம். பேச்சு வரும், எழுத்து வராது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்புங்கள். அதோடு நிறுத்தாமல் தினம் பத்து நிமிஷம் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டு, வெளிமாநிலத் தமிழர்களுக்காகவே பாடங்கள் நடத்துகிறது. வசதி இல்லை என்று சொல்ல இப்போது வழியில்லை. நேரமில்லை என்று சொல்லலாம். செல்போனை எடுத்து எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்று அதுவே கணக்குக் காட்டிவிடும்.

இதுவரை நம்முடைய வாழ்க்கையை நாம் நடத்துவது பற்றிச் சொன்னேன். நம் வீட்டிலேயே இன்னொருவருடைய வாழ்க்கையை அவர் கையிலிருந்து நாம் வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அதைச் செய்வது பெரும்பாலும் அன்பினால்தான். அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

ஊரில் தனியாக இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ இங்கே அழைத்து வருகிறோம். என் நண்பர் ஒருவரின் தகப்பனார் கும்பகோணத்துக்குப் பக்கத்து விவசாயி. 70 வயது வரைக்கும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த மாட்டை விற்பது, யாருக்குக் கடன் கொடுப்பது எல்லாம் அவர் முடிவு. மனைவி போன பிறகு மகன் அழைத்து வந்தார். ‘நீங்க சும்மா உட்காருங்கப்பா, இத்தனை வருஷம் உழைச்சது போதும்’ என்று நல்ல மனதோடு சொன்னார். காபி கைக்கு வரும். சாப்பாடு கைக்கு வரும். டி.வி.யில் எந்தச் சேனல் என்பதைப் பேரன் முடிவு செய்வான். எட்டு மாதத்தில் பெரியவர் பேசுவதையே குறைத்துவிட்டார். ‘என்ன சாப்பிடறீங்க?’ என்று கேட்டால் ‘ஏதோ ஒண்ணு’ என்பார். மறதி நோயோ என்று டாக்டரிடம் கொண்டு காட்டினார்கள். அப்படி எதுவும் இல்லை என்றார் டாக்டர்.

எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் உளவியலாளர்கள் 1976-இல் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனையைப் படித்தபோது எனக்கு இந்தப் பெரியவர்தான் கண்முன் நின்றார். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், ‘உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு’ என்றார்கள். ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை என்றார்கள். சினிமா வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதும் அவர்கள் இஷ்டம். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு, சினிமா உண்டு. ஆனால் நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், எந்தக் கிழமை என்பதை நிர்வாகம் சொல்லும். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் கலகலப்பாகவும் இருந்தது தெரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த மாடியில் இறந்தவர்களும் குறைவு என்று எழுதினார்கள். அந்த இறப்புக் கணக்கில் பிறகு ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. ஆட்களும் மொத்தம் நூறுக்குள்தான். ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்து மாற்றத்தை நான் நண்பர் வீட்டில் கண்ணால் பார்த்தேன்.

நண்பரின் மனைவி கெட்டிக்காரி. ஒருநாள் மாமனாரிடம் பணத்தைக் கொடுத்து, “இனிமே தினசரி காய்கறி உங்க பொறுப்பு மாமா. என்ன வாங்கறீங்களோ அதைத்தான் சமைப்பேன்” என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் தினமும் கத்தரிக்காய். அதுவும் இரண்டு கிலோ. பேரன் முகம் சுளித்தான். மகன், “அப்பாவுக்கு விலை தெரியலை, ஏமாத்தறாங்க” என்றார். அந்தப் பெண் அசையவில்லை. இரண்டாவது வாரம் பெரியவர் தானாகவே சின்னச் சந்தையை விட்டு சீதாபர்டிக்கு பஸ் ஏறினார், அங்கே மலிவு என்று கண்டுபிடித்து. மொட்டை மாடியில் பத்துத் தொட்டிகளில் மிளகாயும் வெந்தயக்கீரையும் போட்டார். காய்காரர்களோடு சைகையில் பேசி, சண்டை போட்டு, சிநேகமும் ஆகிவிட்டார். பொறுப்பைக் கொடுத்தால் தப்பான கத்தரிக்காய் வாங்கும் உரிமையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மகன்களுக்கு அதுதான் கஷ்டம்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைப் படிக்க யாருக்கும் பிடிக்காது. வாக்காளர் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் இருந்தால், படிவம் 8 நிரப்பி இந்த முகவரிக்கு மாற்றலாம். 20 வருஷமாக இந்தத் தெருவின் சாக்கடையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு, ஓட்டு மட்டும் மயிலாடுதுறையில் வைத்திருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பாங்கில் நாமினி எழுதிவிட்டால் உயில் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பாங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்துப் போட்டு அவர்களும் கையெழுத்திட்டால் போதும். அரை நாள் வேலை. பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் கொடுக்கும் உயிர்ச் சான்றிதழை 2014 முதல் டிஜிட்டலாகவே கொடுக்கலாம். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். அதையும் மகனே செய்து தரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு தரம் நீங்களே செய்து பாருங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. என் காலத்து ரயில்வேக்காரனுக்கு ஓய்வூதியம் தானாக வந்தது; நான் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். 2025 ஏப்ரலில் யு.பி.எஸ். என்ற இன்னொரு திட்டம் வந்தது. 25 வருஷ சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி ஓய்வூதியம். எது வேண்டும் என்று அவரவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான கெடு அந்த வருஷமே இரண்டு தடவை நீட்டிக்கப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் கடைசி வாரத்தில் வந்து, “அங்கிள், செக்‌ஷன்ல எல்லாரும் எதைப் போடறாங்களோ அதையே போட்டுடலாமா?” என்று கேட்டான். இஞ்சினியரிங் படித்தவன். உட்கார வைத்து, அவன் வயது, இன்னும் எத்தனை வருஷ சர்வீஸ், மனைவிக்கு வேலை உண்டா என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுத வைத்தேன். எந்தத் திட்டத்தில் சேர்ந்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் கணக்கை அவனே போட்டான், அது போதும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிறேன், நம் சங்கத்தில் நாம்தானே அதிகம்! ஈ. ஸ்ரீதரன் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1964 டிசம்பர் புயலில் அடித்துப்போன பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியவர். ஆனால் அவர் 1990-இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும். டெல்லி மெட்ரோ அலுவலகங்களிலும் வேலையிடங்களிலும் பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை மாட்டினார். வேலை முடிய இன்னும் இத்தனை நாள் என்று அது காட்டும். தினமும் காலையில் ஒரு எண் குறையும். எல்லாரும் ஸ்ரீதரன் ஆக முடியாது. நமக்கு அவ்வளவு பெரிய வேலையும் கிடையாது. ஆனால் நம்மில் பலர், ரிடையர் ஆகும் நாளை மட்டும் அப்படி எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, அந்த நாள் வந்த பிறகு எதை எண்ணுவது என்று தெரியாமல் நிற்கிறோம்.

முக்கியமாக ஒரு முடிவு: இங்கேயே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா? 35 வருஷம் ‘ஊருக்குப் போனதும்’ என்று சொல்லிவிட்டு, கிராஜுவிட்டிப் பணத்தில் அங்கே வீடு கட்டிக் குடிபோனவர்களை அறிவேன். நினைவில் இருந்த ஊர் வேறு, இருக்கிற ஊர் வேறு. பழைய சிநேகிதர்கள் சென்னைக்கும் கோவைக்கும் போயிருப்பார்கள், சிலர் போயே போயிருப்பார்கள். தெருவில் ‘வடக்கத்தி வீட்டுக்காரர்’ என்ற பட்டப்பெயர் கிடைக்கும். அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சந்தோஷமாக இருப்பவர்களையும் அறிவேன். வருத்தமாகத் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் அதை ஒரு முடிவாக எடுக்கவே இல்லை. எப்போதோ எழுதி வைத்துவிட்ட டைம்டேபிள்படி வண்டி ஏறியவர்கள்.

எனக்குப் பழக்கமான ஒரு தம்பதி வேறு மாதிரி செய்தார்கள். அவருக்குத் திருச்சிக்குப் போக ஆசை. அந்தம்மாளுக்கு நாக்பூரை விட மனமில்லை. மராத்திச் சிநேகிதிகளோடு 20 வருஷமாகச் சேர்ந்து பஜனை, ஹல்தி குங்கும், சீட்டு எல்லாம். வீடு வாங்காமல் ஸ்ரீரங்கத்தில் 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். இங்கிருக்கும் வீட்டையும் விடவில்லை. சித்திரை வெயிலில் ஒரு மாதம், ஐப்பசி மழையில் ஒரு மாதம், மார்கழி முழுவதும் என்று போய் இருந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், மாடிப்படி முழங்காலுக்கு ஒத்துவருகிறதா, சாயங்காலம் பேச யார் இருக்கிறார்கள் என்று இருவரும் தனித்தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நோட்டைக் காட்டினார்கள். அவருடைய பக்கத்தில் காவிரி, பெருமாள், தமிழ்ப் பேப்பர். அந்தம்மாளின் பக்கத்தில் மூன்று சிநேகிதிகளின் பெயர், கீழே ‘இவருக்கு அங்கே போனால் ரத்த அழுத்தம் குறைகிறது’ என்று ஒரு வரி. ஒப்பந்தம் வருகிற தை மாதம் முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.